கோவளம் தன் கதையைத் தானே நடிக்கட்டும்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், இசார் ஆற்றங்கரையில் லாண்ட்ஸ்ஹூட் என்று ஓர் ஊர் இருக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கோடைக்காலத்தில் அந்த ஊர் மக்கள் 1475ஆம் ஆண்டின் ஒரு கல்யாணத்தை மறுபடியும் நடத்துகிறார்கள். பவேரிய கோமகனின் மகன் ஜார்ஜுக்கும் போலந்து மன்னர் நான்காம் காசிமிரின் மகள் ஹெட்விக்குக்கும் அந்த ஆண்டு நவம்பரில் நடந்த கல்யாணம் அது. மணப்பெண் போலந்திலிருந்து வாரக்கணக்கில் பயணம் செய்து வந்து சேர்ந்தாள். விருந்தினர் ஏறத்தாழ பத்தாயிரம் பேர். முந்நூறுக்கும் மேற்பட்ட காளைகளும் நாற்பதாயிரம் கோழிகளும் அறுக்கப்பட்டதாகக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கை அன்றைய எழுத்தர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1902இல் ஊர்க்காரர்கள் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். 1903இல் முதல் ஊர்வலம் போனது. இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேடமிட்டு நடிக்கிறார்கள். நடிப்பவர்கள் அந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவர்கள். கூலிக்கு வந்தவர்கள் அல்ல. பொய்முடி வைக்கக் கூடாது என்பது விதி. அதனால் ஆண்கள் மாதக்கணக்கில் முடி வளர்க்கிறார்கள். கைக்கடிகாரமும் மூக்குக்கண்ணாடியும் விலக்கு. துணியின் நிறம், தையல், செருப்பின் வார் வரை அந்த நூற்றாண்டின் ஓவியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து அனுமதிக்கிறார்கள். பெருந்தொற்றால் 2021இல் நடக்க வேண்டிய விழா தள்ளிப்போய் 2023இல் நடந்தது.

அதே மாநிலத்தில் மதில் சூழ்ந்த இன்னொரு ஊர் ரோத்தன்பர்க். அங்கே நடிக்கப்படுவது 1631இன் கதை. முப்பதாண்டுப் போரில் டிலி என்ற தளபதி ஊரைப் பிடித்துவிட்டான். மூன்றேகால் லிட்டர் மதுவை ஒரே மூச்சில் குடிக்க ஒருவன் முன்வந்தால் ஊரை விட்டுவிடுவதாகச் சொன்னான். முன்னாள் மேயர் நூஷ் குடித்துக் காட்டி ஊரைக் காப்பாற்றினார். இது வரலாறு அல்ல, பிற்காலக் கதை என்று ஊர்க்காரர்களுக்கே தெரியும். ஆடம் ஹோர்பர் என்ற உள்ளூர்க்காரர் எழுதிய நாடகம் 1881இல் அரங்கேறியது முதல் அது அந்த ஊரின் அடையாளமாகிவிட்டது. 1945 மார்ச் 31 அன்று விழுந்த குண்டுகளில் பழைய நகரத்தின் கணிசமான பகுதி எரிந்து, பிறகு நன்கொடைகளால் பழைய சாயலிலேயே எழுப்பப்பட்டது. ஆக, நாம் படங்களில் பார்த்து வியக்கும் அந்த 'மாறாத பழமை'யில் ஒரு பங்கு எண்பது வயதுகூட நிரம்பாதது. இந்த இரண்டு ஊர்களையும் தாங்கி நிற்பது கல்லைவிட மனிதர்களின் பிடிவாதம்தான். தன் ஊரில் என்ன நடந்தது என்பதைத் தான்தான் சொல்ல வேண்டும் என்ற பிடிவாதம் அது.

இதைச் சென்னைக்குத் தெற்கே கடலோரம் இருக்கும் கோவளத்துக்கு ஏன் சொல்ல வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை மாலையில் தாம்பரம், வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் குடும்பம் குடும்பமாக இங்கே வந்து இறங்குகிறவர்கள் பார்ப்பது மணல், அலைச்சறுக்கு, வறுத்த மீன், 2021இல் கிடைத்த நீலக்கொடிச் சான்றின் பலகை. தர்காவுக்கு வருகிறவர்களும் மாதா கோயிலுக்கு வருகிறவர்களும் தனித் தனிக் கூட்டம். இந்தக் கடற்கரை ஒரு காலத்தில் ஐரோப்பாவின் அரியணைத் தகராறில் பேரம் பேசப்பட்ட இடம் என்பதை வந்து போகிறவர்கள் அறிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஓஸ்டெண்ட் துறைமுகம் அன்று ஆஸ்திரியாவின் ஹப்ஸ்பர்க் வம்சத்துக்குக் கீழ் இருந்தது. அங்கிருந்து புறப்பட்ட வணிகர்கள் 1719இல் கோவளத்தில் ஒரு பண்டகசாலைக்கு இடம் பிடித்தார்கள். 1722 டிசம்பரில் பேரரசர் ஆறாம் சார்லஸ் அவர்களுக்கு முறையான உரிமைப் பட்டயம் கொடுத்தார். ஓஸ்டெண்ட் கம்பெனி பிறந்தது. வங்காளத்தில் பாங்கிபஜாரும் சோழமண்டலக் கரையில் கோவளமும் அதன் இந்திய நிலையங்கள். ஆங்கிலேயருக்கும் டச்சுக்காரர்களுக்கும் இது பொறுக்கவில்லை. தங்கள் ஏகபோகத்தில் கைவைக்க ஒரு புதிய கம்பெனியா என்று ஐரோப்பா முழுக்க நெருக்கினார்கள். சார்லஸுக்கோ ஆண் வாரிசு இல்லை. தன் மகள் மரியா தெரசா பட்டத்துக்கு வருவதை மற்ற அரசுகள் ஏற்க வேண்டும் என்பதே அவர் கவலை. 1727இல் கம்பெனியை ஏழாண்டுகளுக்கு நிறுத்தி வைத்தார். 1731 வியன்னா உடன்படிக்கையில் மகளின் உரிமைக்கு ஆங்கிலேயரின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு கம்பெனியையே கைவிட்டார். 1475இல் லாண்ட்ஸ்ஹூட் கல்யாணத்துக்கு நேரில் வந்து சிறப்பித்த பேரரசர் மூன்றாம் ஃபிரெடரிக் இதே ஹப்ஸ்பர்க் வம்சத்தவர். அந்தக் குடும்பத்தின் ஒரு கல்யாண வருகை ஜெர்மனியில் ஊர்த் திருவிழாவாகியிருக்கிறது. அதே குடும்பத்தின் ஒரு வாரிசுரிமைப் பேரத்தில் அடிபட்டுப்போன கோவளத்தில் அதைச் சொல்ல ஆளில்லை.

அடுத்து வரும் காட்சிகள் இன்னும் விறுவிறுப்பானவை. 1763இல் வெளிவந்த ராபர்ட் ஓர்மின் போர் வரலாற்றில் இவை இருக்கின்றன. ஓஸ்டெண்ட் கம்பெனியின் இடிபாட்டுக்குப் பக்கத்தில் கர்நாடக நவாப் அன்வாருத்தீன் கான் ஒரு கோட்டை கட்டியிருந்தார்; சாதத் பந்தர் என்று அதற்குப் பெயர். அகழி கிடையாது. உருண்டைக் கொத்தளங்களோடு வலுவான மதில் மட்டும். 1750இன் தொடக்கத்தில் கடலில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் நங்கூரமிட்டு ஆபத்துக் குறி காட்டியது. விசாரிக்கப் போனவர்களிடம், "மாலுமிகள் பெரும்பாலும் ஸ்கர்வி நோயில் செத்துவிட்டார்கள், மிச்சமிருப்பவர்களைக் கரையேற்றாவிட்டால் அவர்களும் பிழைக்க மாட்டார்கள்" என்ற பாவனையில் பேசினார்கள். நல்ல பணம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் கோட்டை அதிகாரி இசைந்தான். ஒட்டிய கன்னமும் வெளிறிய முகமுமாகப் பொறுக்கியெடுத்த முப்பது பிரெஞ்சுக்காரர்கள், ஆளுக்கொரு நோயைப் பாவித்துக்கொண்டு, உடைக்குள் ஆயுதத்தை மறைத்து உள்ளே வந்தார்கள். அன்றிரவே காவல் படையை மடக்கிக் கோட்டையைப் பிடித்தார்கள். இரண்டாண்டு கழித்து, 1752இல், இதை மீட்க ராபர்ட் கிளைவ் வந்தான். அவனோடு இருந்தவர்கள் இங்கிலாந்திலிருந்து அப்போதுதான் வந்திறங்கிய இருநூறு பயிற்சியற்ற ஆட்களும் புதிதாகத் திரட்டிய ஐந்நூறு சிப்பாய்களும். முதல் மோதலில் அதிகாரி ஒருவர் விழுந்ததும் எல்லோரும் ஓட்டம் பிடித்தார்கள். ஒருவனை மறுநாள் ஒரு கிணற்றின் அடியிலிருந்து கண்டெடுத்தார்கள். அந்தப் படையைத் திருப்பி நிறுத்தித்தான் கிளைவ் கோட்டையைச் சரணடைய வைத்தான். உள்ளே ஐம்பது பீரங்கிகள் இருந்தன. 1746இல் சென்னையைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனவை அவற்றில் முப்பது. சரணடைந்த செய்தி எட்டாமல் செங்கல்பட்டிலிருந்து உதவிக்கு வந்த பிரெஞ்சுப் படையை வழியிலேயே மறித்து அடித்தார்கள். கொஞ்ச காலத்தில் செங்கல்பட்டும் விழுந்தது. கோவளத்துக் கோட்டை தகர்க்கப்பட்டது.

ஓர் ஊருக்கு இதைவிட நல்ல நாடகக் கரு கிடைக்காது. ஆனால் இன்று இந்தக் கோட்டையைப் பற்றிச் சுற்றுலாக் கையேடுகள் சொல்வது ஒரே வரிதான்: கடற்கரை ஓரம் நிற்கும் நட்சத்திர விடுதி 'ஒரு பழைய டச்சுக் கோட்டை'யின் இடிபாட்டின் மீது கட்டப்பட்டது. டச்சுக்காரர்களின் கோட்டை இருந்தது தெற்கே சதுரங்கப்பட்டினத்திலும் வடக்கே பழவேற்காட்டிலும். ஓர்ம் எழுதியபடி கோவளத்துக் கோட்டை ஆர்க்காட்டு நவாபுடையது. நவாபின் கோட்டை டச்சுக் கோட்டையாகிவிட்டது. பேரரசரின் கம்பெனி அடியோடு காணாமல் போய்விட்டது. யாரும் திட்டமிட்டுச் செய்த புரட்டு இது என்று நான் நினைக்கவில்லை. தன் கதையைத் தானே திரும்பத் திரும்பச் சொல்லாத ஊருக்கு யாரோ ஒருவர் ஒரு கதையை எழுதிக் கொடுத்துவிடுகிறார். அதையே ஊர்க்காரர்களின் பிள்ளைகளும் படிக்கிறார்கள். கோவளத்துக்கு ஒரு வரலாற்று விழா வேண்டும், அதை ஊர்க்காரர்களே நடிக்க வேண்டும் என்று நான் வாதிடுவதற்கு முதல் காரணம் இதுதான்.

"நமக்கென்ன விழாவுக்குப் பஞ்சமா?" என்று உடனே கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஐரோப்பாவின் பல ஊர்களில் பழைய வழக்கம் அறுந்துபோனதால் வேடம் போட்டு அதை மீட்கிறார்கள். நமக்கு அறுபடவே இல்லை. மதுரைச் சித்திரைத் திருவிழாவில் இன்றும் இறங்கும் அழகர் திருமலை நாயக்கர் காலத்து ஏற்பாட்டின்படிதான் இறங்குகிறார். கோவளத்திலேயே தமீம் அன்சாரி தர்காவில் கந்தூரி நடக்கிறது. அந்தப் பெரியவரின் உடல் ஒரு பெட்டியில் கடல்வழியே மிதந்து இங்கே கரை சேர்ந்தது என்பது நம்பிக்கை. சென்னையின் பெருவணிகர் ஜான் டி மாண்டி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கார்மேல் மாதா ஆலயத்துக்கும் தனித் திருவிழா உண்டு. இவை உயிருள்ள விழாக்கள். இவற்றுக்கு ஈடாக எதையும் வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். ஆனால் இவை ஒவ்வொன்றும் ஒரு தெய்வத்தையோ ஒரு பெரியவரையோ நாடி நடப்பவை. ஊர் என்ற மொத்தத்துக்கு என்ன நேர்ந்தது, யார் வந்தார்கள், யார் விரட்டப்பட்டார்கள், நெய்த துணி எந்த விலைக்கு எந்தக் கப்பலில் போனது என்ற கேள்விகளுக்கு இவை பதில் சொல்ல வேண்டியதில்லை. தர்காவின் கூட்டமும் மாதா கோயிலின் கூட்டமும் அம்மன் கோயிலின் கூட்டமும் ஒரே தெருவில் ஒன்றாக நின்று 'இது எங்கள் ஊர்' என்று சொல்லும் நாள் ஒன்று கோவளத்தின் காலண்டரில் இல்லை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேறு விழாக்கள் இருக்கின்றனவே என்றும் சொல்லலாம். இருக்கின்றன, நல்லவையும்கூட. மாமல்லபுரத்தில் சுற்றுலாத் துறை நடத்தும் நாட்டிய விழாவில் நாட்டின் சிறந்த கலைஞர்கள் ஆடுகிறார்கள். முட்டுக்காட்டில் டெபோரா தியாகராஜனின் முயற்சியில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா, இடிபட இருந்த செட்டிநாட்டு வீட்டையும் கேரள வீட்டையும் மரம் மரமாகப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியது. லாரி பேக்கரின் கை பட்ட இடம் அது. தென்னிந்தியக் கைவினைக்கு அது செய்த உதவி பெரிது. கோவளத்தில் 2013இல் தொடங்கிய அலைச்சறுக்கு விழாவால் குப்பத்துப் பிள்ளைகள் வெளிநாட்டுப் போட்டிகள் வரை போனார்கள். ஆனால் முதல் இரண்டிலும் உள்ளூர்க்காரர் பார்வையாளர், அல்லது வாசலில் இளநீர் விற்பவர். மூன்றாவதில் அவர்களே நாயகர்கள். அதனால்தான் அது ஊரில் ஒட்டியது. ஊர்க்காரரை மேடையில் ஏற்றினால் விழா நிலைக்கும் என்பதற்கு லாண்ட்ஸ்ஹூட் வரை போக வேண்டியதில்லை, கோவளத்துக் கரையே சாட்சி.

ஊரே நடிப்பது நமக்குப் புதிதும் அல்ல. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறுகிற நாளில் கீழே ஊர்ப் பெண்கள் மடியேந்தி நிற்கிறார்கள். அவன் மேலிருந்து வீசும் எலுமிச்சையும் விபூதியும் அந்த மடிகளில் விழுகின்றன. கடைசி நாள் படுகளத்தில் களிமண்ணால் துரியோதனனைப் பிரம்மாண்டமாகப் படுக்கவைத்து, அவன் தொடையில் அடி விழும்போது ஊர் மொத்தமும் குருக்ஷேத்திரத்துக்குள் நிற்கிறது. காப்புக் கட்டியவர்கள் விரதமிருக்கிறார்கள், சவரம் செய்துகொள்வதில்லை. லாண்ட்ஸ்ஹூட்காரர் முடி வளர்ப்பதற்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசமில்லை: உடம்பையே தயார் செய்துதான் வேடத்துக்குள் போக வேண்டும் என்று இரு ஊர்களும் நம்புகின்றன. "அது புராணம், இது சரித்திரம், கூத்தில் சரித்திரம் எடுபடுமா?" என்றால், தேசிங்கு ராஜன் கூத்து இருக்கிறது. செஞ்சியில் 1714இல் தேசிங்கை வீழ்த்தியவர் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான். கோவளத்தில் ஓஸ்டெண்ட்காரர்கள் வந்திறங்கியது அதே நவாபின் ஆட்சிக்காலத்தில். ஐந்தாண்டு முன்பின்னாக, அதே நவாபின் எல்லைக்குள் நடந்த இரண்டு செய்திகளில் ஒன்று கதைப்பாடலாகி, கூத்தாகி, முந்நூறு ஆண்டாக ஊர் ஊராகப் போகிறது. மற்றது ஆவணக் காப்பகத்தில் கிடக்கிறது. கோவளத்துக் கதையைக் கூத்து தாங்கும். எழுதித் தர ஒரு வாத்தியார் வேண்டும், அவ்வளவே.

கடினமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. நவாபும் பிரெஞ்சுக்காரனும் கிளைவும் சண்டை போட்ட கதையில் கோவளத்துக்காரன் எங்கே? அந்நியர்களின் புகழை நம் பிள்ளைகள் நடித்துக் காட்ட வேண்டுமா? என் பதில், 1750ஆம் ஆண்டுக் காட்சியைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள் என்பதுதான். சோழமண்டலக் கரையில் அன்று கப்பல் வந்து அணையும் துறைமுகம் எங்கும் இல்லை. கப்பல் தூரத்தில் நிற்கும். ஆளும் சரக்கும் அலை முறியும் இடத்தைத் தாண்டிக் கரை சேரக் கட்டுமரமும் மசூலாப் படகும் வேண்டும். கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகு, ஆணி அடித்த ஐரோப்பியப் படகு சிதறிப்போகும் அலையில் வளைந்து கொடுத்துக் கரையேறும். அதைச் செலுத்தத் தெரிந்தவர்கள் இந்தக் கரையின் மீனவர்கள் மட்டுமே. பேரரசரின் கம்பெனியானாலும் கிழக்கிந்தியக் கம்பெனியானாலும் அவர்கள் கை இல்லாமல் ஒரு மூட்டை துணியைக்கூட ஏற்ற முடியாது. துணி யாருடையது? உள்நாட்டு நெசவாளர்களுடையது. கோட்டை விழுந்தபோது முன்பணம் வாங்கிய தறிக்காரரும் கூலிக்குக் காத்திருந்த படகுக்காரரும் என்ன ஆனார்கள் என்ற கேள்வியை ஓர்ம் கேட்கவில்லை. ஒரு கூத்து வாத்தியார் கேட்பார். இந்த விழாவில் கிளைவ் சிறு பாத்திரம். இன்று அலைப்பலகையில் நிற்கும் குப்பத்துப் பையனின் முப்பாட்டன்களே பெரிய பாத்திரங்கள். அவர்கள் அலையைப் படித்த விதத்தைக் கரையிலேயே ஒரு படகு தைத்துக் காட்டலாம்.

வரலாற்றுக்கு வேடம் கட்டுவதில் ஆபத்து இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. ரோத்தன்பர்க்கை நாஜிகள் 'அசல் ஜெர்மன் ஊர்' என்று கொண்டாடிக் கூட்டம் கூட்டமாகச் சுற்றுலா அனுப்பினார்கள். 1938 அக்டோபரில் அந்த ஊர் தன் யூதர்களை விரட்டியது. லாண்ட்ஸ்ஹூட் கோமகனும் கல்யாணத்துக்குக் கால் நூற்றாண்டு முன்பே, 1450இல், தன் நாட்டு யூதர்களை வெளியேற்றியவர்தான். பொன்வண்டியில் வரும் ஹெட்விக் பின்னாளில் கணவனைப் பிரிந்து புர்க்ஹவுசன் கோட்டையில் காலம் கழித்தாள்; ஆண் வாரிசு இல்லாமல் ஜார்ஜ் இறந்ததும் அந்த நாடு ஒரு வாரிசுரிமைப் போரில் எரிந்தது. ஊர்வலத்தின் கைதட்டலில் இவை கேட்பதில்லை. பழமையை அழகாக மட்டும் காட்டினால் அது யாரோ ஒருவரை ஊரிலிருந்து வெளியே தள்ளும் கருவியாகிவிடும். நம் நாட்டில் இந்த ஆபத்து கூடுதல். ஆனால் அதற்கு மருந்து மௌனம் அல்ல. தேசிங்கு கதையில் அவனோடு சேர்ந்து உயிர்விடும் நண்பன் ஒரு முஸ்லிம், எதிரியும் முஸ்லிம். பாடியவர்கள் இரண்டையும் மறைக்கவில்லை. கோவளத்தில் தர்கா ஜமாத்தும் பங்குச் சபையும் மீனவர் பஞ்சாயத்தும் ஒரே குழுவில் உட்கார்ந்து, எது ஆவணம், எது நம்பிக்கை என்று பிரித்துச் சொல்லி நடத்தினால், ஒருவர் கதையை இன்னொருவர் அபகரிக்க இடமிருக்காது.

இன்னும் கூட்டமா, இன்னும் குப்பையா என்ற பயமும் நியாயமானதே. சுற்றுலாவுக்கென்று மணலை ஒழுங்குபடுத்தும்போதெல்லாம் வலை உலர்த்தும் இடமும் படகு ஏற்றும் இடமும்தான் முதலில் சுருங்குகின்றன. ஆகவே காசு வசூலிக்கும் பொறுப்பும் இடம் ஒதுக்கும் அதிகாரமும் ஊரிடம் இருக்க வேண்டும். லாண்ட்ஸ்ஹூட்டில் நூற்றிருபது ஆண்டாக அதை ஒரு குடிமக்கள் சங்கம்தான் வைத்திருக்கிறது. ஆண்டுதோறும் நடத்தவும் தேவையில்லை. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை என்றால் கரைக்கு ஓய்வு, ஊருக்குத் தயாராகப் போதிய காலம். ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் முட்டையிட வரும் பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. சித்திரை வைகாசியில் வெயில். மிஞ்சுவது ஆடி ஆவணி.

ஆவணியில் வரும் ஆகஸ்டு 22 சென்னை தினம். 2004இல் சில ஆர்வலர்கள் உரைகளும் நடைகளுமாகத் தொடங்கியது இன்று வாரக்கணக்கில் நீள்கிறது. அரசாணை வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. கோவளத்துக்கும் அந்த வழியே போதும். ஊராட்சி மன்றம் ஒரு திடலைக் கொடுக்கட்டும். ஊர்ப் பள்ளி மாணவர்கள் 1750ஆம் ஆண்டின் அந்த முப்பது போலி நோயாளிகளாகவும், கிணற்றில் ஒளிந்த சிப்பாயாகவும், படகுக்காரர்களாகவும் பயிற்சி எடுக்கட்டும். செங்கல்பட்டுப் பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவர் அடவு சொல்லித் தரட்டும். வரலாற்றுத் துறை மாணவர்கள் ஓர்மின் பக்கங்களையும் ஓஸ்டெண்ட் கம்பெனியின் ஆவணங்களையும் தமிழில் தந்து உதவட்டும். கோட்டை நின்ற இடத்தின் ஓரத்தில், பொதுவழியில், நவாபின் பெயரும் ஆண்டுகளும் சரியாக எழுதிய ஒரு கல்பலகையை நட மாவட்ட நிர்வாகத்திடம் ஊர்க்காரர்கள் இந்த ஆண்டே மனுக் கொடுக்க வேண்டும். வார இறுதியில் கோவளம் போகிறவர்களும், மீன் வறுவலுக்குக் காசு கொடுக்கும்போது, கோட்டை எங்கே இருந்தது என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.